நாலாம் அத்தியாயத்தில் ஒரு வாத்தியார்

"இன்னும் மூணே வாரம்! மூணு வாரத்துல ஆய்வேட்டை எழுதி முடிச்சு வழிகாட்டி மேடம் மேஜையில வைக்கலைன்னா, பாதி மீசையை எடுத்துடறேன்!"

பூகோள வாத்தியார் கூடத்தின் நடுவில் நின்று இப்படிச் சபதம் போட்டபோது, அதைக் கேட்க அங்கே மனைவி மட்டும்தான் இருந்தாள். அவள் இன்னொரு பள்ளிக்கூடத்தில் ஒண்ணாம் வகுப்பு டீச்சர். முப்பது குழந்தைகள் ஒரே நேரத்தில் அழுதாலும் பதறாமல் மூக்கைத் துடைத்துவிடுகிறவள். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"எந்தப் பாதிங்க?"

"என்ன எந்தப் பாதி?"

"இடதா, வலதா? இடது பக்கம் ஏற்கெனவே கொஞ்சம் கம்மி. அதை எடுத்தா யாருக்கும் தெரியாது."

"நான் முடிக்கிறதைப் பத்திப் பேசறேன். நீ எடுக்கிறதைப் பத்திப் பேசறே!"

"முடிங்க, முடிங்க. யார் வேணாம்னாங்க? அந்தத் துண்டு மேல நிக்காதீங்க, அதையும் மடிக்கணும்."

வாத்தியார் துண்டிலிருந்து இறங்கினார். சபதத்திலிருந்து இறங்கவில்லை.

விஷயம் அப்படி. அவருடைய பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் இந்தப் பருவத்தோடு ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு அடுத்து உட்கார வேண்டியவர், வருஷக்கணக்கைப் பார்த்தால், நம் வாத்தியார்தான். ஆனால் நிர்வாகம் ஒரு கொக்கி போட்டுவிட்டது. கல்வியியலில் முதுகலைப் பட்டம் இருந்தால்தான் நாற்காலி. இல்லாவிட்டால் அது கணக்கு வாத்தியாருக்கு. கணக்கு வாத்தியாருக்கு வயசு பன்னிரண்டு கம்மி, பட்டம் ஒன்று ஜாஸ்தி. பார்க்கும்போதெல்லாம் வாய் நிறைய "அண்ணே" என்பான். அந்த வாயாலேயே நாளைக்கு, "அண்ணே, ஏன் அஞ்சு நிமிஷம் லேட்டு?" என்று கேட்பான். அப்படி இரண்டு தடவை வாத்தியாருக்குக் கனவுகூட வந்துவிட்டது.

படிப்பில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. பகுதிநேரப் படிப்பு. சனிக்கிழமை வகுப்பு. விண்ணப்பத்தை வாங்கிவந்த அன்றைக்கு மனைவி அதைப் புரட்டிப் பார்த்தாள்.

"நானும் சேரட்டுமாங்க? எனக்கும் தகுதி இருக்கே."

வாத்தியார் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் பின்னால் வட்டியும் முதலுமாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"ஒரு வீட்டுல ஒருத்தர்தாம்மா மாணவரா இருக்க முடியும். ரெண்டு பேரும் புஸ்தகத்தைத் தூக்கினா அடுப்பை யார் பத்தவைக்கிறது? முதல்ல நான் முடிக்கிறேன். அப்புறம் நீ தாராளமா படி. சந்தேகம் வந்தா நானே சொல்லித் தர்றேன்."

"சரிங்க."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் முதல் தடவையிலேயே "சரிங்க" என்று சொன்னது அன்றைக்குத்தான். கொஞ்சம் விவரமுள்ள மனுஷன் அங்கேயே உஷாராகியிருப்பான். வாத்தியார் ஜெயித்த சந்தோஷத்தில் இன்னொரு டம்ளர் காப்பி கேட்டார்.

அடுத்த வாரம் அவள், "ஞாயித்துக்கிழமையில நான் ஒரு வகுப்புக்குப் போறேங்க" என்றாள். வாத்தியார் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "போ, போ. உனக்கும் பொழுது போகணுமில்ல" என்றார். தையல் வகுப்பாக இருக்கும் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். அதற்கப்புறம் இரண்டு வருஷமாக அவள் ஒரு கைக்குட்டைகூடத் தைத்து எடுத்துவரவில்லை. அதை அவர் கவனிக்கவும் இல்லை.

அவருக்கு எங்கே நேரம்? அவருடைய ஆய்வின் தலைப்பு: 'வகுப்பறையில் தொழில்நுட்பம்: ஓர் ஆசிரியரின் வெற்றிப் பயணம்'. தலைப்பே முதலில் முடிவைச் சொல்லிவிட்டது. இனிப் பயணம் போவதுதான் பாக்கி. ஒன்று சொல்லியாக வேண்டும், மனுஷன் சோம்பேறி இல்லை. பள்ளிக்கூடத்தில் புதுசாக எந்தக் கருவி வந்து இறங்கினாலும் முதலில் கை வைப்பவர் அவர்தான். மற்ற வாத்தியார்கள் இரண்டாவதாகக் கை வைப்பதற்குப் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

ஸ்மார்ட் போர்டு வந்த அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே கொதித்துக்கொண்டு வந்தார்.

"கம்பெனிக்காரன் நல்லா ஏமாத்திட்டாம்மா! அழிக்கவே முடியாத போர்டைத் தலையில கட்டியிருக்கான். நைல் நதியை வரைஞ்சேன். அழிக்கப் பார்க்கிறேன், போகவே மாட்டேங்குது!"

"எதால வரைஞ்சீங்க?"

"மார்க்கர் பேனாவாலதான்."

"எந்த மார்க்கர்?"

"பார்சல் மேல விலாசம் எழுதுவோமே, அது. கறுப்பு. நல்லா எடுப்பாத் தெரியும்."

டீச்சர் பக்கத்தில் இருந்த சின்ன நோட்டை எடுத்தாள்.

"ம்ம். அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"எது?"

"மனசுதான்."

வாத்தியார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் மனசு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. அவர் மனசுக்கே அது புது அனுபவம். அரை மணி நேரம் கொட்டித் தீர்த்தார். அவள் "அப்புறம்?", "அதுக்கு முன்னாடி என்ன நினைச்சீங்க?" என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

"அது என்ன எழுதறே?"

"தேவையானதைக் குறிச்சு வச்சுக்கிறேங்க."

பருப்பு, சோப்பு ஏதாவதாக இருக்கும் என்று வாத்தியார் விட்டுவிட்டார். நைல் நதி மட்டும் இன்றைக்கும் அந்தப் போர்டில் வற்றாமல் ஓடுகிறது. கணக்கு வாத்தியார் அதன் கரையோரமாகத்தான் பின்னம் சொல்லித் தருகிறான்.

அதற்கப்புறம் அது பழக்கமாகிவிட்டது. தினமும் சாயங்காலம் அவர் சொல்வார், அவள் எழுதுவாள். எரிமலைப் பாடத்தைப் போனில் படம் பிடித்த கதையையும் அப்படித்தான் சொன்னார்.

"நாப்பது நிமிஷம் பேசினேன்மா. என்ன கை வீச்சு, என்ன குரல்! சட்டைப் பையில போனை வச்சுக்கிட்டு ஓய்வறைக்குப் போய், அப்படியே வகுப்பு குரூப்புக்கு அனுப்பிட்டேன். பிள்ளைங்க மூணு மூணு தடவை பார்த்தாங்களாம்! எந்தப் பாடத்தைம்மா பிள்ளைங்க மூணு தடவை பார்த்திருக்காங்க?"

"நீங்க பார்த்தீங்களா?"

"நான் எதுக்குப் பார்க்கணும்? நடத்தினவனே நான்தானே!"

"பட்டனை எப்ப அமுக்கினீங்க?"

"ஆரம்பத்துல ரெண்டு தடவை. உறுதியா இருக்கட்டும்னு. முடிச்சப்புறம் ஒரு தடவை."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். வாத்தியார் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவ்வளவு பிரியம் அவருக்கு.

எல்லாவற்றுக்கும் மகுடம் அந்த ஆன்லைன் பரீட்சை. நாற்பத்திரண்டு பிள்ளைகள். நாற்பத்திரண்டு பேரும் நூற்றுக்கு நூறு. அதற்கு முந்தின மாதம் வரை உலக வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்த கடைசி பெஞ்சுகூட நூறு. வாத்தியார் பள்ளிக்கூடம் முழுக்கச் சாக்லேட் கொடுத்தார். கணக்கு வாத்தியாருக்கு இரண்டு கொடுத்தார், ஒன்று வயிற்றெரிச்சலுக்கு.

இத்தனை வெற்றிகளையும் அள்ளிப் போட்டு ஆய்வேட்டின் முதல் மூன்று அத்தியாயங்களை எழுதி, வழிகாட்டிப் பேராசிரியையிடம் கொடுத்திருந்தார். சபதம் போட்ட மறுநாள் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் அவருடைய தாள்கள் இருந்தன. வெள்ளை கொஞ்சம், கறுப்பு கொஞ்சம், மற்றதெல்லாம் சிவப்பு.

"சார், இதுல எல்லாமே வெற்றியா இருக்கே. உங்க வகுப்புல ஒரு நாளாவது ஏதாவது சொதப்பலையா?"

"சொதப்பியிருக்கு மேடம். ரெண்டு தடவை கரண்ட் சொதப்பிடுச்சு."

"நீங்க?"

"நான் எதுக்கு மேடம் சொதப்பறேன்?"

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "நாலாம் அத்தியாயம், 'கண்டறிந்தவை'. நீங்க என்ன கண்டறிஞ்சீங்க?"

"தொழில்நுட்பம் ரொம்ப நல்லதுன்னு கண்டறிஞ்சேன் மேடம்."

"இதைத் தூக்கிட்டு வைவாவுக்குப் போனா வெளியிலிருந்து வர்ற தேர்வாளர் உங்களை வறுத்து எடுத்துடுவார். இது நிக்காது சார். நான் கையெழுத்துப் போட முடியாது."

வாத்தியாருக்கு "அண்ணே" என்று யாரோ பின்னாலிருந்து கூப்பிடுவது போல இருந்தது.

அவர் முகத்தைப் பார்த்து மேடம் இரங்கினார். "ஒண்ணு செய்யலாம். போன மாசம் நம்ம துறைக்கு ஒரு ஆய்வேடு வந்திருக்கு. ஒரே ஒரு ஆசிரியரை ரெண்டு வருஷம் பக்கத்துலயே இருந்து கவனிச்சு எழுதினது. பிரமாதம். அதோட நாலாம் அத்தியாயத்தை மட்டும் உங்களுக்கு அனுப்பறேன். அவங்க வைவா முடியற வரைக்கும் எழுதினவங்க பேரைச் சொல்ல மாட்டேன். படிச்சுப் பார்த்து, அந்த ஆசிரியரோட அனுபவத்தையும் உங்க அனுபவத்தையும் ஒப்பிட்டு எழுதுங்க. உங்க ஆய்வேடு பிழைச்சுக்கும். ஆனா எழுதினவங்ககிட்ட அனுமதி வாங்கணும். கடிதம் கொடுங்க, நான் சேர்த்துடறேன்."

வாத்தியார் கும்பிட்டுவிட்டு ஓடிவந்தார். சாயங்காலம் அந்த அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு நேரே சமையலறைக்குப் போனார். டீச்சர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கேளு, கேளு. யாரோ ஒரு ஆசிரியர் 'அ'வாம். 'ஆசிரியர் அ ஆர்வம் மிகுந்தவர். எனினும் எந்தக் கருவியையும் அதன் குறிப்பேட்டைப் படித்தபின் இயக்கும் வழக்கம் அவரிடம் இல்லை.' நாசமாப் போச்சு! இவனையெல்லாம் யார் வாத்தியாரா விட்டது?"

"அப்புறம் என்னங்க போட்டிருக்கு?"

"'தொடுதிரைப் பலகையின்மீது அவர் அழியாத மையினால் எழுதினார். பின்னர் பலகையின் தரத்தைக் குறை கூறினார்.' அடப்பாவி! அழியாத மையால போய் யாராவது எழுதுவாங்களா?"

"நீங்க எதால எழுதினீங்க?"

"நான் மார்க்கரால எழுதினேன். அது வேற விஷயம். என் போர்டு மோசம். இவனுக்கு மூளை மோசம்."

கத்தி வெங்காயத்தில் நிதானமாக இறங்கியது. வாத்தியார் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"ஐயோ, இதைக் கேளேன்! 'பதிவுக் கருவி, பாடம் நடைபெறும்போது அணைந்தும், பாடம் முடிந்தபின் இயங்கியும் இருந்தது. எனவே எரிமலைகள் பதிவாகவில்லை. ஆசிரியர்கள் ஓய்வறையில் அவர் தலைமையாசிரியரைப் போலப் பேசிக் காட்டியதும், தமது சட்டைப் பையின் உட்புறமும் தெளிவாகப் பதிவாயின. இதனை மாணவர்கள் மும்முறை கண்டு மகிழ்ந்தனர்.'"

சிரித்த சிரிப்பில் அவருக்கு விக்கல் எடுத்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டார். எரிமலை எல்லா வாத்தியாரும் நடத்துகிற பாடம்தானே என்று மனசு அதைத் தாண்டிப் போய்விட்டது. தன்னைப் பற்றி அவருக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம்.

"இப்படி ஒரு மடையன் இருப்பானா?"

"இருப்பாங்க."

"இவனைக் கட்டிக்கிட்டவளை நினைச்சுப் பாரு. பாவம்!"

"பாவம்தாங்க."

"எப்படித்தான் குடும்பம் நடத்தறாளோ?"

"ஏதோ சமாளிக்கிறா போலிருக்கு," என்று டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் கொஞ்சம் காரம்.

சூட்டோடு சூடாக வாத்தியார் அனுமதிக் கடிதத்தை எழுதினார். 'மதிப்பிற்குரிய ஆய்வாளர் அவர்களுக்கு, தங்கள் நான்காம் அத்தியாயத்தைக் கண்டு வியந்தேன். இப்பேர்ப்பட்ட ஒரு மடையரை ஈராண்டுகள் அருகிலிருந்து சகித்துக்கொண்ட தங்கள் பொறுமைக்கு என் வணக்கம். தங்கள் ஆய்வை மேற்கோள் காட்ட அனுமதி தந்து உதவுக.' எழுதி மனைவியிடம் நீட்டினார்.

"பிழை ஏதாவது இருக்கான்னு பாரு."

அவள் பொறுமையாகப் படித்தாள். இரண்டு இடத்தில் புள்ளி வைத்தாள். "மத்தபடி எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்று திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் கடிதம் மேடம் கைக்குப் போய்ச் சேர்ந்தது. மேடம் அதைப் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார் என்பதை வாத்தியார் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று மதிய இடைவேளையில் மிச்சப் பக்கங்களைப் படிக்க உட்கார்ந்தார். 'இணையவழித் தேர்வில் நாற்பத்திரண்டு மாணவர்களும் முழு மதிப்பெண் பெற்றனர். ஆசிரியர் அ இதனைத் தொழில்நுட்பத்தின் வெற்றியாகக் கருதிச் சாக்லேட் வழங்கினார். ஒவ்வொரு வினாவின் அடியிலும் சரியான விடை பச்சை நிறத்தில் தெரியுமாறு அவர் அமைத்திருந்தது தேர்வைத் திறந்து பார்த்தபோது தெரியவந்தது. இதனை ஆசிரியர் அ இன்றளவும் அறியார்.'

வாத்தியார் ஹா என்று சிரிக்க வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. நாற்பத்திரண்டு. சாக்லேட்.

கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினார். தன்னுடைய பரீட்சையை மாணவன் பார்க்கிற மாதிரித் திறந்தார். முதல் கேள்வி. அதற்குக் கீழே, பச்சையாக, பளிச்சென்று, விடை. இரண்டாவது கேள்வி. பச்சை. மூன்றாவது கேள்விக்குப் போகாமலே கம்ப்யூட்டரை அணைத்துவிட்டார்.

அத்தியாயத்தை முதலிலிருந்து புரட்டினார். போர்டு. சட்டைப் பை. எரிமலை. முதல் பக்கத்தின் அடியில் அவர் சிரிப்பில் தாண்டிப் போன ஒரு வரி இருந்தது. 'அன்று மாலை, மனம் எவ்வாறு இருந்தது என வினவியபோது, ஆசிரியர் அ அரை மணி நேரம் விவரித்தார்.' அவர் மனசை விசாரித்த ஆள் உலகத்தில் ஒருத்திதான்.

வீட்டுக்கு வந்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யாரு அந்த ஆசிரியர் 'அ'?"

"அதைச் சொல்லக்கூடாதுங்க. பேரை வெளியில விடமாட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கேன்."

"யாருக்கு எழுதிக் கொடுத்திருக்கே?"

"ஆசிரியர் 'அ'வுக்குத்தான்."

உள்ளே போய் ஒரு தாளை எடுத்துவந்தாள். 'இந்த ஆய்வில் பங்கேற்க முழு மனதுடன் சம்மதிக்கிறேன்.' கீழே வாத்தியாருடைய கையெழுத்து, கோடு கோடாக, கம்பீரமாக, அடியில் இரண்டு புள்ளியோடு.

"இதை எப்ப வாங்கினே?"

"ரெண்டு வருஷம் முன்னாடி. செய்தித்தாள் படிச்சிட்டிருந்தீங்க. எங்க போடணும்னு மட்டும் கேட்டீங்க."

"படிச்சுட்டுப் போடுங்கன்னு சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே. 'வாத்தியாரையே படிக்கச் சொல்றியா'ன்னு கோவிச்சுக்கிட்டீங்க."

"என்கிட்ட மறைச்சுட்டே!"

அதுவரைக்கும் சிரித்துக்கொண்டிருந்த டீச்சரின் முகம் மாறியது.

"எங்கங்க மறைச்சேன்? வகுப்புக்குப் போறேன்னு சொன்னேன். போன்னீங்க. என்ன வகுப்புன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ரெண்டு வருஷம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும், இன்னைக்காவது கேப்பீங்கன்னு பார்த்தேன். உங்களை நான் தினம் கேட்டேன். நீங்க என்னை ஒரு நாள்கூடக் கேக்கலை."

வாத்தியார், பதில் தெரியாதபோது ஆண்பிள்ளை என்ன செய்வானோ அதைச் செய்தார். குரலை உயர்த்தினார்.

"உன் அத்தியாயம் எனக்கு வேணாம்! என் தோல்வியை எழுத எனக்குத் தெரியாதா? நானே எழுதறேன். பிரமாதமாத் தோக்கிறேன், பாரு!"

எழுத உட்கார்ந்தார். மூன்று நாள் உட்கார்ந்தார். இரண்டு வாரம் உட்கார்ந்தார். விடாக்கண்டனாகப் பேனாவைப் பிடித்தார். மொத்தம் வந்தது இரண்டே வரி: 'ஒருமுறை புரொஜெக்டர் பத்து நிமிடம் தாமதமாக எரிந்தது. ஆயினும் இறுதியில் வெற்றியே.' தோல்வி என்று ஆரம்பித்தாலும் பேனா வழியிலேயே திரும்பி வெற்றிப் பக்கம் போய்விட்டது. இத்தனை வருஷப் பழக்கம். கெடுவுக்கு ஐந்து நாள்தான் பாக்கி. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் தலைமையாசிரியர் அறையை எட்டிப் பார்த்து, "அண்ணே, இந்த மேஜையை ஜன்னல் பக்கம் போட்டா காத்து வரும், இல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் வாத்தியார் சமையலறை வாசலில் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"ஆய்வாளர் அவர்களே."

டீச்சர் திரும்பினாள். "உங்க கடிதம் வந்துச்சு. மேடம் கொடுத்தாங்க."

"அனுமதி உண்டா?"

"உண்டு. ஆனா அதுல ஒரு வார்த்தையை எடுக்கணும். மடையர்ங்கிறதை. ஆசிரியர் 'அ' மடையர் இல்லைங்க. கடைசிப் பக்கம் படிச்சீங்களா?"

கோபத்தில் அதை யார் படித்தது? அங்கேயே நின்று படித்தார். 'ஈராண்டில் ஆசிரியர் அ பதினேழு முறை கருவிகளிடம் தோற்றார். பதினேழு முறையும் மறுநாள் காலை அதே வகுப்புக்கு அதே கருவியுடன் சென்றார். ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை. மாணவர்கள் கருவியிடம் கற்றதைவிட இதனிடம் கற்றதே அதிகம்.'

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தத் தடவை வெங்காயம்கூட இல்லை.

"பதினேழா? மிஞ்சிப் போனா மூணு இருக்கும்னு நினைச்சேன்."

"மீதிப் பதினாலையும் ஜெயிச்சுட்டேன்னு வந்து சொன்னீங்க."

"நீயும் ஏன் ஒரு தடவைகூடச் சொல்லலை?"

"குறுக்கே பேசக்கூடாதுங்க. ஆய்வு கெட்டுடும்."

வாத்தியார் மெதுவாக, "உன் வகுப்பு எப்படி இருந்துச்சும்மா?" என்று கேட்டார். டீச்சர் அரை மணி நேரம் சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை.

அதற்கப்புறம் ஐந்து நாள் அந்த வீட்டில் நிலவரமே தலைகீழ். டீச்சர் கூடத்து மேஜையில் உட்கார்ந்து அவருடைய தாள்களில் சிவப்பாகக் கோடு போட்டாள். வாத்தியார் அடுப்படியில் நின்றார். "இது தோல்விங்க, திருப்பி எழுதுங்க" என்று கூடத்திலிருந்து சத்தம் வரும். "குழம்பும் தோல்விதாம்மா, அதை எப்படித் திருப்பி எழுதறது?" என்று உள்ளேயிருந்து சத்தம் போகும். தலைப்பிலிருந்து வெற்றியை எடுத்துவிட்டார்கள். கெடு முடிகிற அன்றைக்கு ஆய்வேடு மேடம் மேஜையில் விழுந்தது. மேடம் கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாதம் கழித்து வைவா. தேர்வாளருக்குப் புருவம் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்திருந்தது. முதல் மூன்று அத்தியாயத்தை ஒரு தள்ளு தள்ளிவிட்டு நேரே நாலாவதுக்கு வந்தார்.

"இந்த ஆசிரியர் 'அ'வை வச்சு என்ன சொல்ல வர்றீங்க? பதினேழு தடவை சொதப்பின ஆள். இந்த மாதிரி ஆள் வகுப்புக்கே லாயக்கில்லைன்னு நான் சொல்றேன். உங்க பதில்?"

வாத்தியார் எழுந்து நின்றார். மேடம் உட்காரும்படி சைகை காட்டினார். அவர் உட்காரவில்லை.

"சார், அவர் சொதப்பினார். நிஜம். நதியை அழிக்க முடியலை, பச்சையில விடை இருந்தது தெரியலை, எல்லாம் நிஜம். ஆனா மறுநாள் போனார் சார். முதல் நாள் பார்த்துச் சிரிச்ச அதே பிள்ளைங்க முன்னாடி, அதே கருவியைத் தூக்கிட்டுப் போய் நின்னார். தப்பே பண்ணாத வாத்தியாரைப் பார்த்துப் பிள்ளைங்க என்ன சார் கத்துக்கும்? பயந்துக்கத்தான் கத்துக்கும். இவரைப் பார்த்தா, விழுந்தாலும் எழுந்திருக்கலாம்னு கத்துக்கும். அவர் லாயக்கில்லைன்னு சொல்லாதீங்க சார்!"

தேர்வாளர் பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"ரொம்ப உருகறீங்களே. ஆளைத் தெரியுமோ?"

இல்லை என்று சொல்லிவிடலாம். நாற்காலி, கணக்கு வாத்தியார், பட்டம் எல்லாம் ஒரு நொடி கண்முன்னால் வந்து போயிற்று. வாத்தியார் மார்பை நிமிர்த்தினார்.

"நான்தான் சார் அது."

புருவம் இரண்டும் பிரிந்தன. தேர்வாளர் மேடத்தைப் பார்த்தார், மேடம் தேர்வாளரைப் பார்த்தார். பிறகு அவர் பேனாவை எடுத்து மதிப்பெண் தாளில் ஏதோ எழுதி, வாத்தியார் பக்கம் திருப்பிக் காட்டினார். தேர்ச்சி. தலைமையாசிரியர் நாற்காலி வந்து வாத்தியாருக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது போல இருந்தது. முதுகு தானாக நேரானது. இனி இந்த ஊரில் அவரை யாரும் கேட்காமல் கொள்ளாமல் எதுவும் செய்துவிட முடியாது.

"ரொம்ப நல்லதாப் போச்சு சார்," என்றார் தேர்வாளர். "போன வாரம் உங்க ஆய்வாளருக்கு வைவா எடுத்ததும் நான்தான். அடுத்த சனிக்கிழமை ஆசிரியர் பயிற்சி முகாம், முந்நூறு பேர் வர்றாங்க. அவங்கதான் முக்கியப் பேச்சு. அவங்க பேசப் பேச, ஆசிரியர் 'அ' மேடையில அந்தக் கருவிகளை அப்படியே இயக்கிக் காட்டினா நல்லாயிருக்கும்னு கேட்டோம். ஆள் யாருன்னு கடைசி வரைக்கும் சொல்ல மாட்டேன்னுட்டாங்க."

வாத்தியார் தொண்டையைச் செருமினார். வருங்காலத் தலைமையாசிரியருக்கு ஏற்ற குரலில் சொன்னார்.

"அது எப்படி சார், சம்பந்தப்பட்டவரை ஒரு வார்த்தை கேட்காம? அவர் வருவாரா, மாட்டாரான்னு அவரையில்ல கேட்கணும்?"

"நானும் அதையேதான் கேட்டேன். 'அவரைக் கேக்கவே வேணாம் சார், நான் சொன்னா வந்துடுவார்'னாங்க."

வாத்தியார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எத்தனை மணிக்கு சார் வரச் சொல்லியிருக்காங்க?"